ஒற்று மிகா இடம்

வடசேரிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
மாடியில் இருக்கிறது தட்டச்சுக் கடை.
மெய்ப்பு வந்தாச்சு, வந்து வாங்கிக்கோ என்றாள் ஷைலஜா அக்கா.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சிவப்பு மை.
முதல் திருத்தம் அட்டையிலேயே:
என் பெயருக்கு நடுவில் ஒரு 'ம்'
செருகியிருந்தார் தாணுமாலயன் ஐயா,
முப்பது வருடம் தமிழாசிரியர்.
அமா என்று யாராவது பெயர் வைப்பார்களா,
அம்மாவாகத்தான் இருக்கும்.

குற்றம் சொல்ல முடியாது.
குடும்ப அட்டையில் நான் அமலா.
குளச்சல் பள்ளியில் அமாவாசை.
திங்கள்சந்தை பஸ்சுல அமாவாசை ஏறுது, எறங்குங்கலே
என்று ஒருவன் கத்தியபோது
சிலேடை நன்றாயிருப்பதை
நானும் கவனித்தேன். அதுதான் தொல்லை.

அமா என்றால் சனிக்கிழமை பிறந்தவள்.
அப்பாவின் ஊரில் கிழமை தெரிந்தால்
பாதிப் பெயர் தெரிந்துவிடும்.
எங்கள் தெருவிலும் சனியனே என்றுதான் கூப்பிட்டார்கள்,
மொழிபெயர்ப்பில் தவறில்லை.
அந்த ஊர் தேமா. கானாவில் ஒரு துறைமுகம்.
நேர்நேர் தேமா என்று வகுப்பு முழுக்க ஒப்பித்தபோது
நான் மட்டும் சிரித்தேன்,
வெளியே நிற்கச் சொன்னார்கள்.

பக்கம் ஒன்பது. 'பார்க்கப்பட்டேன்' என்பதை அடித்து
'பார்த்தார்கள்' என்று போட்டிருக்கிறார்.
செயப்பாட்டு வினை தமிழுக்கு அழகில்லையாம்.
ஐயா, அந்தப் பேருந்தில் நான் ஒரு வினையும் செய்யவில்லை.
சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.
பக்கத்து இருக்கை மணவாளக்குறிச்சி வரை காலியாகவே வந்தது.
நின்றுகொண்டு வந்தவர்கள் ஏழு பேர்.
அங்கே ஆலையில்
மணலைக் காந்தம் வைத்துப் பிரிக்கிறார்கள்.
விலை கறுப்புக்குத்தான்.

பக்கம் முப்பது. எழுவாய் எங்கே?
'முடியைத் தொட்டுப் பார்த்தது, பிறகு விரலை முகர்ந்து பார்த்தது.' எது? யார்?
தோன்றா எழுவாய், ஐயா.
பெயரெல்லாம் தெரியும். ஒரே பங்கு, ஒரே அன்பியம்.
எழுதிவிட்டால்
ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அம்மா எப்படிப் போவாள்?

பக்கம் நாற்பத்தொன்று. காற்புள்ளி மிகை.
'பாப்பா, நீ, எந்த, ஊரு'
கேட்டவர் நிறுத்திய இடத்திலெல்லாம் வைத்தேன்.
தலையிலிருந்து கால்வரை பார்த்து முடிக்க
அவருக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

பக்கம் எழுபத்திரண்டு. ஒரே ஒரு வரி.

வெயிலு கொண்டு கறுத்துப்போனா எக்கா நம்ம பிள்ளதான்

ஓரத்தில்: கொச்சை. மேற்கோள்குறி இல்லை. யார் கூற்று?

மீன்சந்தையில் என் அம்மா செலின் சொன்னது,
சாளைக்கு விலை பேசிக்கொண்டே
என்னை உற்றுப் பார்த்த ஒருத்தியிடம்,
என் கையை விடாமல்.
பொய் என்று எழுதிப் பார்த்தேன்.
பயம் என்று எழுதிப் பார்த்தேன்.
அந்த ஒரு வரியில் அப்பாவை
மஸ்கட் கடலில் இறக்கிவிட்டாள் என்று
ஓர் உவமை வந்தது, அழகாக.
அழகாக இருந்ததால் கிழித்தேன்.
பதினோராவது தடவை
அவள் வாயில் வந்தபடியே விட்டேன்.
குறி போட்டால் அவள் மட்டும் சொன்னதாகிவிடும்.
அன்றைக்கு நானும் தலையாட்டினேன்.

மற்றபடி ஐயா சொன்னது பலதும் சரிதான்.
கருப்பு என்று நான் எழுதிய இடமெல்லாம்
வல்லின றகரம் போட்டிருக்கிறார்.
அதன் கீழே, கேட்காமலே, சின்ன எழுத்தில்:
'கறுத்தல் என்றால் சினத்தல் என்றும் பொருளுண்டு.'
படியில் நின்று அதை இரண்டு முறை படித்தேன்.

பிறகு மேலே ஏறிப்போய்
அட்டையில் அந்த மெய்யெழுத்தை மட்டும் அடித்தேன்.
அக்கா திரையில் அழித்துவிட்டு நிமிர்ந்தாள்.
இவ்வளவுதானா? ரெண்டெழுத்தா?
ரெண்டெழுத்து.
புத்தகம் எப்பக்கா கிடைக்கும்?
கரண்டு போவலேன்னா
சனிக்கிழம.